தலையீத்தும் கடைசி ஈத்தும்: தாயின் வயது பிள்ளையின் ஆயுளில் எப்படித் தெரிகிறது?

சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "எத்தனாவது ஈத்து?" தலையீத்து என்றால் கன்று கொஞ்சம் சின்னதாக இருக்கும், பாலும் அடுத்த ஈத்துகளில்தான் ஏறும் என்று அவருக்குத் தெரியும். தலையீத்து மாட்டின் சீம்பால் அளவிலும் குறைவு, நோய் எதிர்ப்புப் புரதங்களிலும் பொதுவாகக் குறைவு. ஆடு வளர்ப்பவர் தலையீத்தில் ஒற்றைக் குட்டியையும் அடுத்தடுத்த ஈத்துகளில் இரட்டையையும் எதிர்பார்ப்பார். பல் தேய்ந்த கிழட்டு ஆட்டின் குட்டி என்றால் ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பார். இந்தக் கட்டுரை விளக்கப்போகும் அறிவியலில் பாதி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அதே விஷயம் பொதுப் பேச்சுக்கு வரும்போதுதான் குழம்பிவிடுகிறது. "வயதான தாய்க்குப் பிறந்தால் ஆயுள் குறைவு" என்று ஒருவர் சொல்வார். "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று இன்னொருவர் மறுப்பார். "வயதானால் மரபணு கெட்டுப்போகும், அதுதான் காரணம்" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். மூன்று பேருமே வெவ்வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள். அவற்றைப் பிரித்து வைத்தாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதைப் பற்றிப் பேசுகிறோம்?

வயதாக ஆக ஒரு விலங்கு ஈனும் குட்டிகளின் எண்ணிக்கை குறைகிறது. அது தாயின் உடலில் நடக்கும் மூப்பு. நாம் பேசப்போவது அதுவல்ல. பிறந்துவிட்ட அந்தக் குட்டி எவ்வளவு பெரிதாக வளர்கிறது, எத்தனை நாள் வாழ்கிறது, பின்னாளில் தானே எத்தனை குட்டி போடுகிறது என்பவற்றில், பிறந்த நேரத்துத் தாயின் வயதால் ஏற்படும் வேறுபாட்டைத்தான் தாய்வயது விளைவு என்கிறோம்.

ஒரே தாய், ஒரே தீனி, ஒரே கொட்டகை. ஆனால் அவளுடைய இரண்டாவது குட்டியும் எட்டாவது குட்டியும் ஒரே மாதிரி வாழ்வதில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

## முட்டை ஒரு கட்டுச்சோறு

தொலைதூரப் பயணம் போகிறவருக்கு வீட்டில் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பார்கள். வழியில் கடையே இல்லை என்றால் அந்தப் பொட்டலத்தை நம்பித்தான் பயணம். புளி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, இறுக்கிக் கட்டியதா, தளர்த்திக் கட்டியதா என்பதைப் பொறுத்து அது இரண்டு நாள் தாங்கும், அல்லது அன்று மாலையே ஊசிப்போகும்.

முட்டை அப்படிப்பட்ட ஒரு பொட்டலம். கரு தன் சொந்த வாயால் சாப்பிடத் தொடங்கும்வரை தேவைப்படும் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. மரபணுத் தொகுப்பு அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே. மஞ்சள் கருவின் கொழுப்பும் புரதமும் உண்டு. கருவின் முதல் சில செல் பிரிவுகளை நடத்துவதற்கான கட்டளைகளைத் தாயே எழுதி உள்ளே வைத்திருப்பாள். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்களும் ஏறத்தாழ முழுவதும் தாயிடமிருந்தே வருகின்றன. தந்தையின் விந்து கொண்டுவருவது பெரும்பாலும் மரபணுத் தொகுப்பின் ஒரு பாதியை மட்டுமே.

ஆகவே இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே மரபணு இருந்தாலும், பொட்டலம் வேறாக இருந்தால் வாழ்க்கை வேறாகும். பொட்டலம் கட்டுகிறவளின் கையிருப்பு, அவள் உடல் அளவு, அவள் உறுப்புகளின் நிலை எல்லாம் வயதோடு மாறுகின்றன. "வயதான தாயின் மரபணு கெட்டுப்போவதால்" என்ற விளக்கம் இங்கேதான் சறுக்குகிறது. மனிதரில் புதிய மரபணுப் பிழைகள் பெரும்பாலும் தந்தை வழியில்தான் வருகின்றன. தந்தைக்கு ஒரு வயது கூடினால், குழந்தையில் சராசரியாகச் சுமார் 2 புதிய பிழைகள் கூடுகின்றன. தாயின் பங்கு அதைவிட மிகக் குறைவு.

சுருக்கமாக: தாயின் வயது பிள்ளையைத் தொடும் முக்கிய வழி மரபணு எழுத்து அல்ல, அதைச் சுற்றி அவள் வைத்துக் கட்டும் மற்ற எல்லாமும்தான்.

## முதல் பொட்டலம் ஏன் சிறியது?

வயது என்றதும் எல்லாரும் முதுமையை மட்டும் நினைக்கிறார்கள். மிக இளம் தாயும் சிக்கல்தான் என்பது பேச்சில் விடுபட்டுப் போகிறது.

சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவின் நீளம் 1 மில்லிமீட்டர். பெரும்பாலும் தன்னைத்தானே கருவுறச் செய்துகொண்டு, மூன்று நான்கு நாளில் சுமார் 300 முட்டைகள் இடும். மரபணு வேறுபாடு ஏறத்தாழ இல்லை. 2017-இல் பார்சிலோனாவைச் சேர்ந்த ஓர் ஆய்வுக் குழு, முதல் நாள் முட்டைகளையும் பிந்தைய நாள் முட்டைகளையும் பிரித்து வளர்த்தது. முதல் நாள் பிறந்தவை குட்டையாக இருந்தன, மெதுவாக வளர்ந்தன, பட்டினியைத் தாங்கும் திறன் குறைந்திருந்தது. காரணம் விட்டெலோஜெனின், அதாவது மஞ்சள் கருவுக்கான மூலப் புரதம். இளம் தாயின் உடல் அதைப் போதிய அளவு தயாரித்து முட்டைக்குள் ஏற்றுவதற்கு முன்பே முட்டையிடல் தொடங்கிவிடுகிறது. வளர்ந்து பெரிதான பிறகும் அந்தக் குறை தெரிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளிலும் முதல் ஈட்டுக் குஞ்சுகள் சிறியவை, எண்ணிக்கையிலும் குறைவு. ஒரு வேதிப்பொருள் நீர்வாழ் உயிர்களைக் கொல்லுமா என்று சோதிக்க இந்தத் தெள்ளைத்தான் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் சோதனை விதிமுறை, பிறந்து 24 மணி நேரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளை எடுக்கச் சொல்கிறது. அவை முதல் ஈட்டுக் குஞ்சுகளாக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அவற்றைச் சேர்த்தால், செத்தது நஞ்சாலா, பலவீனமாகப் பிறந்ததாலா என்று பிரிக்க முடியாது.

கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இது தினசரி வேலை. கறிக்கோழிக் குஞ்சு தரும் தாய்க்கோழிகள் ஏறத்தாழ 24, 25 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். தொடக்க வார முட்டைகள் சிறியவை. குஞ்சின் எடை முட்டை எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வரும். 48 கிராம் முட்டையில் 32 கிராம் குஞ்சு, 66 கிராம் முட்டையில் 44 கிராம் குஞ்சு. பொதுவாக 50 கிராமுக்குக் கீழான முட்டைகளைப் பொரிப்பகத்தில் அடை வைக்கத் தயங்குவார்கள். இளம் தாய்க்கோழிகளின் குஞ்சுகளைத் தனியாக வளர்ப்பது நல்லது. பெரிய குஞ்சுகளோடு விட்டால் தீவனத்தட்டிலும் தண்ணீரிலும் தோற்றுப்போகும். சிறிய உடல் சூட்டை வேகமாக இழக்கும் என்பதால் குஞ்சுகளுக்குச் சூடு தரும் ப்ரூடரின் வெப்பத்தையும் ஒரு டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கூட்டி வைப்பார்கள்.

மறுகோடியில், 60 வாரத் தாய்க்கோழியின் முட்டை பெரிதாக இருக்கும். ஆனால் ஓடு மெலிந்துவிடும், வெள்ளைக் கரு நீர்த்துப்போகும், பொரிக்கும் விகிதம் இறங்கும். முட்டை பெரிது என்பதால் பொட்டலம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இதுவரை பார்த்ததை ஒரு கோடாக வரைந்தால், பல விலங்குகளில் அது மேடு போல வரும். இளம் தாயிடம் தாழ்வு, நடுவயதில் உச்சி, முதுமையில் மீண்டும் சரிவு. உச்சி எந்த வயதில், சரிவு எவ்வளவு செங்குத்து என்பது இனத்துக்கு இனம் மாறும்.

## ரோட்டிஃபர் காட்டிய சரிவு

முதுமைப் பக்கச் சரிவைத் தெளிவாகக் காட்டிய உயிரி ரோட்டிஃபர். கொடுவா போன்ற மீன்களின் குஞ்சு பொரிப்பகங்களில், பிறந்து சில நாளே ஆன மீன் குஞ்சுக்குப் போடும் உயிருள்ள முதல் தீனி இதுதான். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான உடல், சுமார் ஆயிரம் செல்கள், வாயைச் சுற்றி சக்கரம் போலச் சுழலுவதாகத் தோன்றும் மயிரிழைகள்.

தாய்வயது ஆய்வுக்கு இதைவிட வசதியான விலங்கு கிடைப்பது அரிது. பொரித்த பிறகு இதன் உடல் செல்கள் பிரிவதில்லை. பழையதைத் தள்ளிவிட்டுப் புதிய செல் போடும் வழி இல்லாததால் மூப்பு ஒளிவுமறைவின்றி நடக்கிறது. பெண் ஆணில்லாமலே தன்னைப் போன்ற மகள்களைப் பெறும். எனவே தாயும் மகளும் மரபணுவில் ஒன்று. பிறக்கும்போதே அதன் முட்டைக்கருக்கள் எல்லாம் உள்ளே இருக்கும். மஞ்சட்கருச் சுரப்பி ஒன்று அவற்றுக்கு ஒவ்வொன்றாக உணவேற்றி வெளியே அனுப்பும். கடைசியில் வரும் முட்டை தாயின் உடலுக்குள் அதிக நாள் காத்திருந்த முட்டை. பொரித்த குஞ்சுக்குத் தாய் சோறூட்டுவதோ காவல் காப்பதோ கிடையாது. அதாவது வளர்ப்பு என்ற குழப்பக் காரணி அடியோடு இல்லை.

ஆல்பர்ட் லான்சிங் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1940-களில் ரோட்டிஃபர்களை வைத்து எளிய ஆனால் கூர்மையான ஒரு சோதனை செய்தார். ஒரு வரிசையில் ஒவ்வொரு தலைமுறையும் இளம் தாயின் முட்டையிலிருந்தே தொடரும்: இளம் தாய், அவள் மகள் இளமையில் இட்ட முட்டை, பேத்தி இளமையில் இட்ட முட்டை என்று. இன்னொரு வரிசையில் ஒவ்வொரு தலைமுறையும் கிழத்தாயின் முட்டையிலிருந்து. இரண்டாம் வரிசையில் தலைமுறைக்குத் தலைமுறை ஆயுள் குறைந்துகொண்டே போய், கடைசியில் வரிசையே அற்றுப்போனது. இளம் தாய் வரிசை அற்றுப்போகாமல் தொடர்ந்தது. இதைத்தான் லான்சிங் விளைவு என்கிறார்கள்.

அவர் இன்னொன்றும் செய்தார். கிழத்தாய் வரிசை அற்றுப்போவதற்கு முன், அதிலிருந்து ஒரு மகளை எடுத்து, அவள் இளமையில் இட்ட முட்டையிலிருந்து வரிசையைத் தொடர்ந்தார். ஆயுள் மீண்டும் ஏறியது. முழு விவாதத்துக்கும் இதுதான் அச்சாணி. மரபணு எழுத்தில் ஏற்பட்ட பிழை என்றால் அது அழியாது, மகளுக்கும் பேத்திக்கும் அப்படியே போகும். இங்கே சேர்ந்ததும் தலைமுறைகளில்தான், கரைந்ததும் தலைமுறைகளில்தான். ஆக அது மரபணுவுக்கு வெளியே இருந்த ஏதோ ஒன்று.

வயதானால் செல்களில் கால்சியம் சேர்வதைப் பார்த்த லான்சிங் அதன்மேல் சந்தேகப்பட்டார். பிற்காலத்தில் வேறு விலங்குகளில் செய்த சோதனைகளில் சிலவற்றில் விளைவு தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. ஆகவே லான்சிங் விளைவு எல்லா உயிருக்கும் பொதுவான விதி என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

இந்த நூற்றாண்டில் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் கிறிஸ்டின் கிரிபிள் குழுவினர், பிராக்கியோனஸ் மஞ்சவாகஸ் என்ற ரோட்டிஃபரில் இதை மறுபடி எடுத்தார்கள். அது இரண்டு வாரம் அளவே வாழும். வாழ்க்கையின் முடிவில் முட்டை இடாத சில நாட்களும் உண்டு. வயதான தாய்களின் மகள்கள் குறைந்த நாள் வாழ்ந்தார்கள், குறைந்த முட்டை இட்டார்கள். 2014-இல் வெளியான முடிவு இன்னும் சுவையானது. தாய்க்கு உணவைக் குறைத்துக் கொடுத்தபோது, அவள் முதுமையில் பெற்ற மகள்களுக்கு வரும் பாதிப்பு ஓரளவு தணிந்தது. முழுக்க நீங்கவில்லை. தாயின் வயது அவள் பிறந்த நாட்கணக்கு மட்டுமல்ல, அவள் உடல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்தது என்று இதை வாசிக்கலாம்.

நினைவில் வைக்க: மரபணு ஒன்றாக, வளர்ப்பே இல்லாத விலங்கிலும் கிழத்தாயின் மகள் குறைவாக வாழ்கிறாள். அந்தக் குறை மீளக்கூடியது.

## சோதனை எங்கே தவறும்?

இந்தச் சோதனை கேட்பதற்கு எளிது. செய்யும்போது தவற நான்கைந்து இடம் உண்டு.

பாட்டியின் வயதும் பேத்தியைத் தொடும் என்பதால், தொடங்குவதற்கு முன் குறைந்தது இரண்டு தலைமுறையாவது எல்லாரையும் ஒரே வயதுத் தாய்களிடமிருந்தே எடுத்து ஓட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு மகளையும் ஆய்வகத் தட்டின் தனிக் குழியில், அளந்த பாசித் தீனியோடு வைத்து, தினமும் புதிய நீருக்கு மாற்றி, முட்டைகளை எண்ண வேண்டும். ஒரே குழியில் பலரை விட்டால் நெரிசல் வந்துவிடும். நெரிசல் ரோட்டிஃபருக்கு வெறும் தீனிப் போட்டி அல்ல. ஆண்கள் பிறக்கும் வேறு வகை முட்டையிடலுக்கு மகள்களைத் திருப்பிவிடும் அடையாளம் அதுவே. அப்படித் திரும்பிய மகளின் முட்டை எண்ணிக்கையை மற்றவளோடு ஒப்பிட்டால் கணக்கு முழுதும் கோணிவிடும்.

அதிகம் பேர் விழும் குழி ஒன்று உண்டு. 100 தாய்களில் முதுமை வரை தப்பிப் பிழைப்பவை சிலவே, அவை பெரும்பாலும் திடமானவை. அந்தச் சிலவற்றின் பிந்தைய மகள்களை, எல்லாத் தாய்களின் முந்தைய மகள்களோடு ஒப்பிட்டால், வயதின் கேடு மறைந்துபோகும். வயதான தாயின் பிள்ளை திடமாகக்கூடத் தெரியும். ஒரே தாயின் இள வயது மகளையும் முது வயது மகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் சரி. காட்டு விலங்குகளைப் பற்றிய பழைய முடிவுகள் சில இந்த ஒரு காரணத்தாலேயே திரும்பப் பார்க்கப்பட்டன.

## உள்ளே உண்மையில் என்ன மாறுகிறது?

ஒரே காரணம் என்று எதுவும் இல்லை. விலங்கைப் பொறுத்து பொட்டலத்தின் வெவ்வேறு பகுதி கெடுகிறது.

புழுவிலும் தெள்ளிலும் பெரும்பங்கு உணவுச் சேமிப்பு. வயதான செல்களில் மைட்டோகாண்டிரியாவின் திறன் இறங்குவதால் முட்டையின் ஆற்றல் கையிருப்பு குறையக்கூடும். மரபணுவின் எழுத்தை மாற்றாமல் எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும், எதை மூடி வைக்க வேண்டும் என்று குறிக்கும் வேதிக் குறிகள் உண்டு. இவற்றை மேல்மரபுக் குறிகள் என்போம். புத்தகம் அதேதான், எந்தப் பக்கத்தில் அடையாளக் கயிறு கிடக்கிறது என்பது மாறுகிறது. தலைமுறைகளில் சேர்ந்து, பின் கரையும் லான்சிங் விளைவுக்கு இது பொருத்தமான சந்தேக நபர். ரோட்டிஃபரில் கடைசி விடை இன்னும் எழுதப்படவில்லை.

பாலூட்டிகளில் வேறொரு சிக்கல். பெண் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைச் செல்கள் உருவாகி, பிரிவின் நடுவில் நின்றுவிடுகின்றன. 40 வயதில் வெளிவரும் முட்டை 40 ஆண்டு அப்படி நின்ற முட்டை. அத்தனை காலமும் குரோமோசோம்களை, அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழைகளை, சேர்த்துக் கட்டி வைத்திருப்பது கோஹீசின் என்ற புரத வளையம். ரப்பர் பேண்டு வருடக்கணக்கில் இழுத்தபடி இருந்தால் இற்றுப்போவது போல, இதுவும் குறைகிறது. வயதான எலிகளில் இதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். கட்டு தளர்ந்தால் குரோமோசோம்கள் சமமாகப் பிரியாது. ஒன்று கூடும் அல்லது குறையும்.

அதன் பிறகு கர்ப்பப்பை, பால், வளர்ப்பு. இவை வயதோடு தேயவும் செய்யும், அனுபவத்தால் தேறவும் செய்யும். அதனால்தான் தாய் நெடுநாள் பராமரிக்கும் விலங்குகளில் கோடு அவ்வளவு சுத்தமாக வருவதில்லை.

## இயற்கைத் தேர்வு இதை ஏன் சரிசெய்யவில்லை?

பிள்ளைகளைப் பலவீனமாக்கும் ஒரு குறையை, கோடிக்கணக்கான ஆண்டுகளில் இயற்கைத் தேர்வு ஏன் களையவில்லை? இதற்கு விடை சின்னக் கணக்கில் இருக்கிறது.

100 பெண் ரோட்டிஃபர்கள். வெளியில் மீன் தின்னும், நீர் வற்றும், தீனி தீரும். நாளைக்கு 10 சதவீதம் சாகின்றன என்று வைத்துக்கொள்வோம். 5-ஆம் நாள் 59 மிச்சம். 10-ஆம் நாள் 35. 20-ஆம் நாள் 12. மூப்பையே கணக்கில் எடுக்கவில்லை, வெறும் விபத்து மட்டும். அப்படியானால் கிழத்தாய்க்குப் பிறக்கும் மகள்கள் மொத்தத்தில் மிகக் குறைவு. அவர்களை மட்டும் பாதிக்கும் குறை ஒன்று இருந்தால், அது இயற்கைத் தேர்வின் கண்ணில் அரிதாகவே படும்.

வட்டியும் சேர்கிறது. முதல் வாரம் பிறந்த மகள், கடைசி மகள் பிறப்பதற்குள் தானே பேத்திகளைப் பெற்றிருப்பாள். பெருகிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் முந்திப் பிறந்தவள் முந்திப் போட்ட முதல். பிந்திப் பிறந்தவளின் மதிப்பு கணக்கில் சுருங்கிவிடுகிறது.

மூப்பைப் பற்றி இந்த வாதத்தை 1952-இல் உயிரியலாளர் பீட்டர் மெடாவரும், கணித வடிவில் 1966-இல் பரிணாம உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டனும் வைத்தார்கள். 2020-இல் கிரிபிளும் கணிதவியலாளர்களும் சேர்ந்து, ரோட்டிஃபர் தரவைக் கொண்டு, தாயின் வயது ஏறஏறப் பிள்ளைகளின் உயிர்வாழ்வின் மீதும் இனப்பெருக்கத்தின் மீதும் தேர்வின் பிடி தளர்வதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். முதிய தாய் "வேண்டுமென்றே" பிள்ளைக்குக் குறைத்துக் கொடுக்கிறாள் என்று கதை கட்டத் தேவையில்லை. அங்கே எதையும் சரியாக வைத்திருக்கும் நெருக்கடி இல்லை, அவ்வளவுதான்.

## முதியவளே சிறந்த தாயாகும் இடம்

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் கறுப்புப் பாறைமீன் வாழ்கிறது. முட்டையை உடலுக்குள்ளேயே பொரித்து, உயிருள்ள குஞ்சாக ஈனும் மீன். பல பத்தாண்டுகள் வாழும். வயது ஏறஏற உடலும் வளரும். 2004-இல் ஸ்டீவன் பெர்க்லியும் சக ஆய்வாளர்களும் வெவ்வேறு வயதுத் தாய்களின் குஞ்சுகளை ஒரே சூழலில் வளர்த்தார்கள். முதிய தாய்களின் குஞ்சுகள், மிக இளைய தாய்களின் குஞ்சுகளைவிட மூன்று மடங்குக்கும் அதிக வேகத்தில் வளர்ந்தன. தீனி கொடுக்காமல் விட்டபோது இரு மடங்குக்கும் அதிக நாள் தாங்கின.

நுண்ணோக்கியில் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். பிறந்த குஞ்சின் வயிற்றில் பளபளவென ஓர் எண்ணெய்த் துளி. முதிய தாயின் குஞ்சில் அது பெரிது. கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவுத் தீனியைக் கண்டுபிடிக்கும்வரை குஞ்சுக்கு அந்தத் துளிதான் கட்டுச்சோறு.

ரோட்டிஃபரில் கிழத்தாய் சரிவு, பாறைமீனில் முதிய தாய் உச்சி. இரண்டும் முரண் அல்ல. ரோட்டிஃபரின் உடல் புதுப்பிக்க முடியாமல் தேய்கிறது. பாறைமீனின் உடல் பெருத்துக்கொண்டே போகிறது, கையிருப்பும் கூடுகிறது. வயது என்ற ஒரே சொல், ஒன்றில் தேய்மானம், மற்றதில் சேமிப்பு.

பறவைகளில் கதை கலவையானது. இனத்துக்கு இனம் மாறும். இங்கிலாந்தின் லண்டி தீவில் சிட்டுக்குருவிகளைப் பல தலைமுறையாகப் பின்தொடர்ந்த ஆய்வு 2015-இல் வெளியானது. முதிய பெற்றோரின் பிள்ளைகள் தங்கள் வாழ்நாளில் குறைவான வாரிசுகளை விட்டுச் சென்றன. குஞ்சுகளை வேறு கூடுகளுக்கு மாற்றி வளர்த்தும் பார்த்ததால், வளர்ப்பின் குறை என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியவில்லை. இங்கே பாதிப்பு இனப்பெருக்கத்தில் தெரிந்தது. பலர் ஆயுளை மட்டும் அளந்துவிட்டு "விளைவு இல்லை" என்று முடிப்பார்கள். நீண்ட நாள் வாழ்ந்தும் குறைவாகப் பெறும் பிள்ளை அந்தக் கணக்கில் விழாது.

## மனிதருக்கு இதைப் பொருத்தலாமா?

நேரடியாகப் பொருத்தக் கூடாது. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை தீங்கு செய்யும்.

குரோமோசோம் எண்ணிக்கைப் பிழை உண்மை. ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோமோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு தாயின் 20 வயதில் ஏறத்தாழ 1,500-இல் 1, 35 வயதில் 350-இல் 1, 40 வயதில் 100-இல் 1. கூடுகிறது, ஆனால் 40 வயதிலும் 100 பேரில் 99 பேருக்கு அந்தப் பிழை இல்லை. கருவிலேயே பரிசோதித்து அறியவும் வழி உண்டு. இது கருவுருவாகும் நேரத்து விபத்து. "வயதான தாயின் பிள்ளைகள் எல்லாருக்கும் கொஞ்சம் ஆயுள் குறைவு" என்ற லான்சிங் வகை விளைவு அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் தாய்மாரை வீணாகப் பயமுறுத்துகிறது.

மனிதரின் ஆயுளை வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. தொலைபேசிக்காக அறியப்பட்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல், ஹைட் என்ற அமெரிக்கக் குடும்பத்தின் வம்சாவளியை ஆராய்ந்து 1918-இல் வெளியிட்டார். முதிய பெற்றோரின் பிள்ளைகள் குறைவாக வாழ்ந்ததாகக் கண்டார். ஆனால் குடும்பப் பதிவேட்டில் ரோட்டிஃபர் குழி கிடையாது. கடைசிப் பிள்ளை சின்ன வயதிலேயே பெற்றோரை இழக்கும். வீட்டில் பங்கு போட உடன்பிறப்புகள் அதிகம். தந்தைக்கும் வயது கூடியிருக்கும். எதிர்ப்பக்கம், பிந்திப் பிறந்தவர் பிந்திய காலத்தில் பிறந்தவர். தடுப்பூசியும் பள்ளியும் மருத்துவமனையும் மேம்பட்ட காலம். சுவீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2016-இல் வந்த ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, தாய்க்கு வயதான பிறகு பிறந்தவர்கள் உயரத்திலும் படிப்பிலும் பின்தங்கவில்லை, மேலாகவே இருந்தார்கள். காலத்தின் முன்னேற்றம் தாயின் வயதை விஞ்சிவிட்டது.

## தொழிலில் இது எங்கே உதவுகிறது?

மீன் இருப்பை நிர்வகிப்பவர்களுக்குப் பாறைமீன் முடிவு ஒரு பெரிய திருப்பம். "சின்ன மீனைப் பிடிக்காதே, பெரியதைப் பிடி" என்பதுதான் நெடுங்காலத்து விதி. எத்தனை கிலோ தாய்மீன் கடலில் மிச்சம் என்று எடையை மட்டும் கூட்டிப் பார்த்தால், 100 கிலோ இளம் தாய்களும் 100 கிலோ முதிய தாய்களும் ஒன்றுதான். குஞ்சின் வயிற்றிலிருக்கும் எண்ணெய்த் துளியைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றல்ல. நெடுநாள் வாழும் மீன்களில் முதியவை முழுக்க வாரப்பட்டால், கடலில் குஞ்சுகள் விழும், ஆனால் பட்டினி தாங்காதவையாக விழும். அதனால் சில நீர்நிலைகளில் சில மீன்களுக்குக் கீழ் அளவோடு மேல் அளவும் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட மீனை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மேல் அளவைத் தாண்டிய பெருந்தாய் வலையிலோ தூண்டிலிலோ சிக்கினால், உயிரோடு தண்ணீருக்குள் விட்டுவிட வேண்டும்.